437-வது மூட்டையில் வந்த மைனஸ்

பிசானப் பருவ நெல் அறுவடை மும்முரத்தில், மாசி மாதச் சாயங்காலம் ஒன்றில், கல்லிடைக்குறிச்சிப் பக்கமுள்ள ஒரு அரிசி ஆலையிலிருந்து போன். "தம்பி, காலையிலருந்து பெட்டி ஒழுங்காத்தான் எண்ணுச்சு. இப்ப மைனஸ் காட்டுது. நெல்லைப் போடப் போட நம்மளைக் கடன்காரனாக்குதே!" என்றார் அண்ணாச்சி.

மூட்டையை எண்ணி மொத்த எடை காட்டும் அந்தப் பெட்டிக்கு சி மொழியில் புரோகிராம் எழுதியவன் நான். பாளையங்கோட்டையில் என் லேப்டாப்பில் ஆயிரம் மூட்டை வரை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்திருந்தேன். மூட்டைக்கு 75 கிலோ. 436 மூட்டைக்கு 32,700. அடுத்த மூட்டைக்கு 32,775 வர வேண்டும். வந்ததோ மைனஸ் 32,761. நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். லேப்டாப்பில் இருப்பது ஜிசிசி என்ற கம்பைலர். அதில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' வகைக்கு 32 பிட் இடம். பெட்டிக்குள் இருக்கும் 8051 என்ற சின்னச் சிப்புக்கான பழைய கம்பைலரில் 16 பிட். 32,767-க்கு மேல் அதில் இடமில்லை. இரண்டிலும் ஒரே கோப்பு, எச்சரிக்கை எதுவுமில்லாமல் கம்பைல் ஆகியிருந்தது.

சரி, மொத்தத்தை இன்னும் பெரிய எண் கொள்ளும் 'லாங்' வகை ஆக்கிவிட்டால் போதும் என்று மாற்றினேன். மறுபடியும் மைனஸ்! விடையை லாங்கில் வாங்கினால் ஆகாது. மூட்டை எண்ணிக்கையும் 75-ம் இன்ட்டாக இருந்தால் பெருக்கலே இன்ட்டில்தான் நடக்கும். கெட்ட பிறகுதான் லாங்குக்குள் போகும். இதை லாங்காக எடு என்று சொல்ல 75-க்குப் பின்னால் ஒரு 'எல்' போட்ட பிறகே சரியானது. இன்ட் குறைந்தது 16 பிட், லாங் குறைந்தது 32 பிட் என்பது 1989-ல் வந்த முதல் சி தரத்திலிருந்தே (தரம் என்றால் மொழியின் அதிகாரபூர்வ விதித் தொகுப்பு) உள்ள உறுதிமொழி. அதற்கு மேல் எதையும் நம்பி எழுதாதீர்கள்.

எதிர்த்திசையிலும், அதாவது பழைய கம்பைலரிலிருந்து புதியதற்கு வரும்போதும், அடி விழும். கல்லூரி லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் பழகி வரும் பிள்ளைகள் 'வாய்டு மெயின்', திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' என்றே தொடங்குகிறார்கள். அது சீக்கிரம் பிடிபட்டுவிடும். பிடிபடாதது, முன்கூட்டி அறிவிக்காமல் கூப்பிடும் ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிடும் தனி நிரல் துண்டு). வேறு கோப்பிலிருந்து பாயின்டர் (நினைவக முகவரி) தரும் ஃபங்ஷனை அறிவிக்காமல் கூப்பிட்டால், பழைய விதிப்படி அது இன்ட் தருவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். பாயின்டரும் இன்ட்டும் ஒரே அளவாக இருந்த காலத்தில் அது ஓடியது. 64 பிட் கணினியில் பாயின்டரின் மேல் பாதி காணாமல் போகும். 1999-ன் சி99 தரத்திலேயே இந்த விதியை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் 2024-ல் வந்த ஜிசிசி 14 தான் இதைப் பிழை என்று நிறுத்தியது. அதற்கடுத்த ஜிசிசி 15 தானாகவே சி23 தரத்தை எடுத்துக்கொள்கிறது. அதில், உண்மை/பொய் என்பதை வைக்கும் 'பூல்' மொழியின் சொந்தச் சொல். பழைய கோப்பில் நாமே அந்தப் பெயரில் ஒரு வகை வைத்திருந்தால் கம்பைல் ஆகாது.

அதனால் இப்போது எந்தக் கோப்பையும் ஜிசிசியில் இரண்டு முறை கம்பைல் செய்கிறேன்: ஒரு முறை சி90 (1989-ன் அதே முதல் தரம்தான்) தரமும், விதியைக் கறாராகப் பார்க்கும் 'பெடான்டிக்' என்ற தேர்வும் கொடுத்து, இன்னொரு முறை எந்தத் தரமும் சொல்லாமல். முதலாவது, வரிகளுக்கு நடுவே மாறிகளை அறிவித்திருந்தால் சொல்லிவிடும். அறிவிக்காத ஃபங்ஷனை விட்டுவிடும். அதை இரண்டாவது பிடிக்கும். அப்புறம் 8051 கம்பைலர். திரை, விசைப்பலகை சமாசாரமெல்லாம் தனிக் கோப்பில். சோதனையை எப்போதும் 430-வது மூட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வருஷம் அண்ணாச்சி பெட்டியை ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப் உள்ள போர்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். நெல் உலர்த்தியின் சென்சார் கழன்றுவிட்டால் மைனஸ் 1 என்று, சின்ன எண் கொள்ளும் வெறும் 'சார்' வகையில் வைத்திருந்தேன். லேப்டாப்பில் அலாரம் அடித்தது, போர்டில் அடிக்கவில்லை. அங்கே சாருக்கு மைனஸ் கிடையாது, அந்த எண் 255 ஆகிவிட்டது. மைனஸும் வரலாம் என்று சொல்லும் 'சைன்டு'-ஐ மூன்று இடத்தில் சேர்த்திருக்கிறேன். நான்காவது எங்கேயோ இருக்கிறது என்றுதான் படுகிறது.