மூலநிரல் குறிப்பு கவுண்டரில் கைகொடுக்காது

மதுரை கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். போன வாரம் பில் போட்டு அனுப்பிய பருப்பில் இரண்டு மூட்டை திரும்பி வந்திருக்கிறது. பில்லை ரத்து செய்யலாமா என்று கவுண்டரில் இருப்பவர் மென்பொருளோடு வந்த, மூலநிரலின் (சோர்ஸ் கோடு) குறிப்புகளிலிருந்து திரட்டிய ஆவணத்தைத் திறக்கிறார். 'பில் எண்ணைப் பெற்று அதன் நிலையை ரத்து என மாற்றும்' என்று இருக்கிறது. தகவல் சரிதான், அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஜாவாடாக், டாக்சிஜன் போன்ற கருவிகள் மூலநிரலில் எழுதிய குறிப்புகளைத் திரட்டித் தருகின்றன. ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும், எங்கே பிழை காட்டும் என்பதெல்லாம் நிரலுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் நல்லது. ஆனால் அந்தத் திரட்டு நிரலின் வகுப்பு (கிளாஸ்) வாரியாக, கோப்பு வாரியாக அடுக்கப்பட்டது. கடையில் வேலை அந்த வரிசையில் வருவதில்லை.

அதனால் கடைக்காரருக்கான கையேட்டைத் தனியாக எழுதுங்கள். இந்த வேலைக்கான பக்கத்தின் தலைப்பு 'சரக்கு திரும்பி வந்தால்' என்று இருக்கட்டும். முதல் வரியிலேயே 'பில்லை ரத்து செய்யாதீர்கள், கிரெடிட் நோட் போடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். திரும்பிய சரக்கின் தொகையைப் பழைய பில்லிலிருந்து குறைக்கும் சீட்டுதான் கிரெடிட் நோட். அடுத்து படிகள்: பழைய பில்லை எடுங்கள், திரும்பிய சரக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள், அளவை மாற்றுங்கள், வரி விகிதத்தைப் பழைய பில்லோடு ஒப்பிடுங்கள், சேமியுங்கள். பில் முழுக்கத் தப்பு, சரக்கு கடையை விட்டுப் போகவில்லை, ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்ன் தாக்கலாகவில்லை என்றால் மட்டும் ரத்து.

வரி விகிதப் படியை விடவே கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜிஎஸ்டி விகிதம் மாறியது. அதற்கு முந்தைய பில்லுக்கான கிரெடிட் நோட்டில் பழைய விகிதமே வர வேண்டும். மென்பொருள் பொருள் பட்டியலிலிருந்து இன்றைய விகிதத்தை எடுத்தால் கணக்கு இடிக்கும். கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டுவதற்கான கெடுவையும் அங்கேயே எழுதுங்கள்: பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், எது முந்தியோ அது. இதில் எதுவும் எந்த ஃபங்ஷனின் தலைக்குறிப்பிலும் இருக்காது. இருக்க வேண்டிய இடமும் அதுவல்ல.

பிழை எண் பட்டியலைக் கையால் எழுதவே வேண்டாம். மூலநிரலிலிருந்தே உருவாக்குங்கள், இல்லையென்றால் அடுத்த பதிப்பிலேயே பொய்யாகிவிடும். 'என்ன செய்ய வேண்டும்' என்ற பத்தியை மட்டும் ஆள் எழுதட்டும்.

மென்பொருளை எழுதுவது இலந்தைக்குளம் எல்காட் ஐடி வளாகத்திலானாலும் அண்ணா நகர் மாடி அலுவலகத்திலானாலும், கையேட்டை நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே வையுங்கள். திரை மாறினால் கையேட்டுப் பக்கமும் மாறிய பிறகே அந்த வேலையை முடிந்ததாகக் குறியுங்கள். பட்டனில் உள்ள எழுத்தை அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண் போடுங்கள். பிறகு, மென்பொருளையே பார்த்திராத ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பாருங்கள். அவர் கை எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியைத் திருத்தி எழுதுங்கள்.