குதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெண்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மகள் சீன வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தமிழின் 247 எழுத்துக்கே அவ்வளவு பாடுபட்டோம். இவள் ஆயிரக்கணக்கில் எப்படி மனப்பாடம் செய்யப்போகிறாள்?"

வெறும் மனப்பாடம் என்றால் நானும் கையை விரித்திருப்பேன். சீன எழுத்தென்றாலே படம் என்ற நினைப்பு நமக்கு. சூரியன், மலை, மரம் என்று படம் காட்டித் தொடங்கினால் பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். ஆனால் படத்திலிருந்து பிறந்தவை சில நூறுதான். எண்பது சதவீதத்துக்கு மேல் வேறு ரகம்: ஒரு துண்டு பொருளைக் காட்டும், இன்னொன்று ஒலியைக் காட்டும்.

குதிரைக்குச் சீனத்தில் 'மா'. (சங்கத் தமிழிலும் குதிரையை மா என்பதுண்டு. தற்செயல்தான், வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள்.) இந்தக் குதிரைக்கு இடப்பக்கம் 'பெண்' துண்டைச் சேர்த்தால் அம்மா. உச்சரிப்பு அதே 'மா', தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மட்டும் வேறு. தலைமேல் இரண்டு 'வாய்' வைத்தால் திட்டுவது. அதுவும் 'மா'தான், தொனி சடாரென்று இறங்கும். இங்கெல்லாம் குதிரைக்கு வேலையே இல்லை, ஒலியை இரவல் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறது.

'ச்சிங்' என்ற ஒலியைத் தரும் துண்டு இன்னும் அழகு. மூன்று நீர்த்துளி சேர்ந்தால் தெளிவு. சூரியன் சேர்ந்தால் வெளுத்த வானம். பூச்சி சேர்ந்தால், தட்டானைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து!

சில சமயம் ஊகம் காலை வாரும். ஆற்றைக் குறிக்கும் ஓர் எழுத்தில் ஒலித்துண்டு 'கொங்', வாசிப்பதோ 'ஜியாங்'. எழுத்து உருவான காலத்தில் இரண்டும் நெருங்கிய ஒலிகள். அப்புறம் மக்களின் வாய் மாறிவிட்டது, எழுத்து அப்படியே தங்கிவிட்டது.

பெய்ஜிங் குழந்தைக்கு இதில் ஒரு வசதி. பள்ளிக்கு வரும்முன்பே பேச்சு காதில் இருப்பதால், ஒலித்துண்டைக் கண்டதும் தெரிந்த சொல் நினைவுக்கு வரும். உங்கள் மகளுக்கு அந்தச் சொல்லே புதிது. அதனால் முதலில் பாட்டும் பேச்சும், பிறகு எழுத்து என்பதே என் கட்சி. எடுத்ததுமே எழுத்து அட்டையை நீட்டுவது வீண்.

சரி, கையால் எழுத வேண்டுமா? வேண்டும். பெய்ஜிங் பிள்ளைகளைப் பற்றி 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், எழுதுவதில் தேறியவர்களே வாசிப்பிலும் முந்தியிருந்தார்கள். எழுதிப் பழகும் நோட்டில், நடுவே கூட்டல் குறி போட்ட சதுரங்கள் இருக்கும். அந்தச் சதுரமே ஓர் எழுத்து. 'தியென்', அதாவது வரப்பு போட்ட வயல். மகளிடம் காட்டுங்கள், எழுதத் தொடங்கும் முன்பே நோட்டு முழுக்க அவளால் வாசிக்க முடியும்.