விழுந்த பெருமரத்தை அறுக்க எத்தனை அங்குல பார் வேண்டும்?

"அடிமரம் மூன்றடி கனம் இருக்கிறது, எத்தனை அங்குல பார் வாங்கலாம்?" என்ற கேள்வி, பெருங்காற்று ஓய்ந்த மறுநாளிலிருந்து என்னிடம் வந்துகொண்டே இருக்கும். செயின்சா எனும் இயந்திர ரம்பத்தில் வெட்டும் செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடுதான் பார். கேட்பவர் பெரும்பாலும் 36 அல்லது 40 என்ற விடையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவதையும், அதற்கு ஆட்களைப் பழக்குவதையும் தொழிலாகக் கொண்ட நான் உடனே ஓர் எண்ணைச் சொல்வதில்லை. செயின்சா எத்தனை சிசி, மரம் எப்படிக் கிடக்கிறது, இரு பக்கமும் நின்று அறுக்க இடம் உண்டா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நீளத்தைப் பற்றிப் பேசுவேன். மரத்தின் கனத்தை மட்டும் பார்த்து பாரின் நீளத்தை முடிவு செய்வது, இந்த வேலையில் நான் அடிக்கடி காணும் தவறு; ஆளைக் காயப்படுத்தக்கூடிய தவறும் கூட.

முதலில் அளவைச் சரியாக எடுக்க வேண்டும். கிடக்கும் மரத்தின் குறுக்களவைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் பிசகும். நாடாவைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எடுத்து 3.14 ஆல் வகுத்தால் சராசரிக் குறுக்களவு கிடைத்துவிடும், 220 செ.மீ. சுற்றளவு என்றால் ஏறக்குறைய 70 செ.மீ., அதாவது 28 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அடிப்பகுதி வேரை நோக்கிப் புடைத்திருக்கும் என்பதால், எந்த இடத்தில் அறுக்கப் போகிறீர்களோ அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். பாரின் நீளத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பாரைக் கழற்றி முழுதாக அளந்தால் வருவது வேறு. அதன் அடிப்பகுதி இயந்திரத்துக்குள் போய்விடுவதால், இயந்திரத்தின் முன்புறத்திலிருந்து நுனி வரை வெளியே நீண்டிருக்கும் அளவே மரத்தில் வேலை செய்யும் நீளம்.

என்னிடம் பழக வந்த ஓர் இளைஞர், 18 அங்குல பாருடன் வந்த தமது 50 சிசி செயின்சாவுக்கு, பெரிய மரம் அறுக்க வேண்டும் என்பதற்காக 24 அங்குல பார் வாங்கிப் போட்டிருந்தார். பொருந்தியது, ஓடவும் செய்தது. மரத்தில் நாலைந்து விரற்கடை இறங்கியதும் இயந்திரத்தின் குரல் தணிந்தது; அவர் கைப்பிடியை அழுத்தத் தொடங்கினார். செதில் செதிலாக விழ வேண்டிய மரத்தூள் மாவாக விழுந்தது. சிறிது நேரத்தில் பாரின் மேல் விளிம்பிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. நிறுத்தச் சொல்லி நான் கையுயர்த்திய அதே நேரத்தில், மரத்தின் மறுபுறம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாரின் நுனி, அங்கே இலைக்குள் மறைந்துகிடந்த கிளை ஒன்றைத் தொட்டது. செயின்சா மேல்நோக்கி எகிறியது. செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக் விழுந்ததாலும் முகக்கவசம் இருந்ததாலும் அவர் தப்பினார். அந்தக் கவசத்தின் வலையில் புருவத்துக்கு நேரே விழுந்த நான்கு விரல் நீளக் கீறலை இன்றும் புதிதாக வருபவர்களுக்குக் காட்டுகிறேன்.

அன்று நடந்த மூன்றுமே பார் நீளத்தால் வந்தவை. 3/8 பிட்ச் (இணைப்புகளுக்கு இடையிலான தூரத்தைக் குறிக்கும் அளவு) செயினில் வழக்கமான பல்லமைப்பு என்றால் சுமார் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டுப்பல் இருக்கும். 16 அங்குலம் மரத்துக்குள் புதைந்தால் பத்து, பதினொரு பற்கள் ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கின்றன. 24 அங்குலம் புதைந்தால் பதினாறு பற்கள் கடிக்கின்றன. அந்தக் கூடுதல் பற்களை இழுக்கும் வலு இயந்திரத்தில் இல்லையென்றால் சுழற்சி தணியும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும், அறுப்பவர் தம் உடல் எடையை இயந்திரத்தின் மேல் ஏற்றுவார். பாருக்கும் செயினுக்கும் எண்ணெய் விடும் பம்பும் சிறிய பாருக்கென்று அளந்து வைக்கப்பட்டதாக இருந்தால், நுனிக்குப் போதிய எண்ணெய் போய்ச் சேராது; புகை வந்தது அதனால்தான். மூன்றாவது, நுனி. நுனியின் மேல்பாதி எதன் மீதாவது பட்டால் பார் ஆளை நோக்கித் திரும்பி எகிறும். நாம் சுதாரிப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். பார் நீளமாக இருந்தால் அந்த நுனி நம் கண்ணுக்கு எட்டாத மறுபுறத்தில் இருக்கும்.

ஆகவே என் முதல் கணக்கு இயந்திரத்திலிருந்து தொடங்குகிறது. 40 சிசி வரை உள்ளவற்றுக்கு 14 முதல் 16 அங்குலம், 50 சிசி அளவுக்கு 16 முதல் 18, 60 சிசிக்கு 20, 70 சிசிக்கு 24, 90 சிசியும் அதற்கு மேலும் உள்ள பெரிய இயந்திரங்களுக்கு மட்டுமே 30 அங்குலத்துக்கு மேல். தயாரிப்பாளரின் கையேடு இதைவிட நீண்ட பாரையும் அனுமதிக்கலாம். ஆனால் மென்மரத்தில் ஓடும் நீளம் உலர்ந்த கடின மரத்தில் ஓடாது என்பதால், கடின மரத்துக்கு ஒரு படி குறைத்தே போடுகிறேன். 24 அங்குலத்துக்கு மேல் போனால், வெட்டுப்பற்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட்ட செயினைப் பயன்படுத்துவது நல்லது. இழுவையும் குறையும், மரத்தூளும் அடைக்காமல் வெளியேறும்.

மரத்தின் கனத்தை விட பார் இரண்டு அங்குலம் நீண்டிருக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. ஒரே பக்கம் நின்று ஒரே வெட்டில் துண்டிப்பதற்கு அது சரி. இரு பக்கமும் நின்று அறுத்தால், பாரின் நீளத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கனமுள்ள மரத்தையும் துண்டிக்கலாம். நான் அந்த எல்லை வரை போவதில்லை. ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் மூன்றடி மரத்துக்கு 70 சிசி இயந்திரமும் 24 அங்குல பாரும் போதும். அறுக்குமுன் மரத்தைச் சுற்றி ஒரு சுண்ணக்கோடு போட்டுக்கொண்டால், இரு பக்க வெட்டும் ஒன்றையொன்று சந்திக்கும். இல்லாவிட்டால் ஒரு விரல் விலகிப் போய் நடுவில் ஒரு படி நின்றுவிடும். இந்த முறைக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. நுனி மரத்துக்குள்ளேயே ஓடுவதால், நுனியின் கீழ்ப்பாதியைக் கொண்டுதான் உள்ளே நுழைக்க வேண்டும். அதைப் பழகாதவர் பெருமரத்தில் கை வைக்கக் கூடாது.

கிடக்கும் மரம் நிற்கும் மரத்தைப் போன்றதன்று. அதன் எடை எங்கே தாங்குகிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் நெருக்குண்டும் எதிர்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். இரு முனையும் தாங்கப்பட்டு நடு தொங்கினால் நெருக்கம் மேலே. ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நெருக்கம் கீழே. நெருக்கமான பக்கத்தில் முதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். வரிசை மாறினால் வெட்டு மூடி பாரைக் கவ்விக்கொள்ளும், அல்லது மரம் திடீரெனப் பிளந்து வீசும். பாரின் நீளம் இங்கும் பேசுகிறது: நீண்ட பார் கவ்விக்கொண்டால் அதை மீட்பதற்கு இன்னொரு செயின்சா வேண்டியிருக்கும், வளைந்துபோகவும் கூடும். வெட்டு மூடாமலிருக்க பாரின் பின்னால் அடித்து வைக்கும் ஆப்பு பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பற்கள் போய்விடும்.

தரையும் கணக்கில் சேர வேண்டும். மரம் மண்ணில் அழுந்திக் கிடந்தால், மறுபுறம் இறங்கும் நீண்ட பாரின் நுனி மண்ணைத் தொட, ஒரு நொடியில் செயின் மழுங்கும். கையால் உருட்ட முடியாத மரம் என்றால் நான் முக்கால் பங்கு ஆழம் வரை அறுத்து, நெம்புகோலால் புரட்டிவிட்டு மிச்சத்தை அறுக்கிறேன். அதற்கு நுனி கண்ணில் படும் அளவுள்ள பாரே வசதி. மாறாக, மரம் தரையிலிருந்து உயர்ந்து கிடக்கும்போது, மறுபக்கம் செங்குத்துச் சரிவாக இருந்தால் அங்கே போய் நிற்கவே கூடாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் நீண்ட பார் உண்மையிலேயே தேவைப்படுகிறது. அதை இழுக்கும் பெரிய இயந்திரமும் கூடவே தேவைப்படுகிறது.

நீளத்தை முடிவு செய்த பின், பாரில் பொறித்திருக்கும் பிட்ச், கேஜ் எனும் பள்ளத்தின் அகலம், அந்தப் பள்ளத்தில் ஓடும் இணைப்புகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போய்ச் செயின் வாங்குங்கள். 20 அங்குல பாரிலேயே 70 இணைப்பு கொண்டதும் உண்டு, 72 கொண்டதும் உண்டு. நீளத்தை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகும். மாட்டிய பிறகு, நுனியை வெளிறிய மரத்துண்டு ஒன்றுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்து வேகமாக ஓட்டிப் பாருங்கள். சில நொடிகளில் அந்தத் துண்டின் மேல் எண்ணெய்க் கோடு மெல்லியதாகப் படிய வேண்டும். பம்பின் திருகை முழுவதும் திறந்து வைத்தும் கோடு விழவில்லை என்றால், ஒரு படி குட்டையான பாருக்குத் திரும்பிவிடுங்கள்.