கடலில் எந்த வெளிச்சம் உதவி கேட்கும்?

1912 ஏப்ரல் 15, நள்ளிரவு தாண்டிய நேரம். வட அட்லாண்டிக்கில் பனிப்பாளங்களுக்கு நடுவே எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றது கலிஃபோர்னியன் என்ற சரக்குக் கப்பல். காவலில் இருந்த இரண்டாம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்டோன், தொலைவில் ஒன்றன்பின் ஒன்றாக ராக்கெட்டுகள் வெடிப்பதைப் பார்த்தார். ஐந்து ஆனதும் பேச்சுக் குழாய் வழியாகக் கேப்டனிடம் சொன்னார். கம்பெனி சிக்னலா என்று கேட்டார் கேப்டன் லார்ட். தெரியவில்லை, எல்லாமே வெள்ளையாக இருக்கின்றன என்றார் ஸ்டோன். மோர்ஸ் குறியீட்டில் மின்னிச் செய்தி அனுப்பும் விளக்கால் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னதோடு சரி. அதன் பிறகும் மூன்று ராக்கெட்டுகள் போயின. ரேடியோ ஆபரேட்டர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை யாரும் எழுப்பவில்லை. அங்கே மூழ்கிக்கொண்டிருந்தது டைட்டானிக்.

ராக்கெட் கண்ணில் படத்தான் செய்தது. ஆனால் அன்றைய விதிப்படி ஆபத்து ராக்கெட் எந்த நிறத்திலும் இருக்கலாம். கப்பல் கம்பெனிகளும் தங்களை அடையாளம் காட்ட ராக்கெட், வண்ணச் சுடர் என்று விட்டுக்கொண்டிருந்தன. ஸ்டோனும் லார்டும் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். நடுக்கடலில், நடு இரவில் எட்டு ராக்கெட்டுகளை வேடிக்கைக்காக யார் விடப்போகிறார்கள்? என்றாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது அந்த விதிதான். இன்று சிவப்பு ராக்கெட்டுக்கும் கையில் பிடிக்கும் சிவப்புச் சுடருக்கும் ஒரே பொருள்தான்: ஆபத்து, உதவி வேண்டும். வேறு எதற்கும் அவற்றைக் கொளுத்தக் கூடாது என்று 1972-ன் சர்வதேச விதிகள் சொல்கின்றன. அந்தச் சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்ஷியம் உப்பு. தீபாவளிக்கு நாம் கொளுத்தும் சிவப்பு மத்தாப்பிலும் அதுதான் இருக்கிறது.

சரி, எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்? ஒளியின் வலிமையை கேண்டெலாவில் அளக்கிறார்கள். ஒரு கேண்டெலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தி. லைஃப் ஜாக்கெட்டில் மாட்டும் சின்ன விளக்குக்கு 0.75 கேண்டெலா போதும், ஆனால் 8 மணி நேரம் எரிய வேண்டும். தெளிந்த இரவில் இது 2 கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தட்டுப்படும். மேலே போய்ப் பாராசூட்டில் தொங்கியபடி எரியும் பாராசூட் ராக்கெட்டின் சுடரோ குறைந்தது 30,000 கேண்டெலா. அப்படியானால் தூரமும் நாற்பதாயிரம் மடங்கு ஆகிவிடாதா? ஆகாது. தூரம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் 40,000 மடங்கு ஒளிக்குக் கிடைப்பது 200 மடங்கு தூரம்தான். அதையும் காற்றிலுள்ள ஈரமும் தூசியும் பெருமளவு விழுங்கிவிடும்.

அதற்கும் மேலே ஒரு தடை இருக்கிறது, பூமியின் வளைவு. கப்பலில் கடல் மட்டத்துக்கு 16 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில். படகில் உட்கார்ந்தபடி ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடிக்கும் கைச்சுடர், எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் 20 கிலோமீட்டருக்கு அப்பால் அவருக்குத் தெரியாது. பாராசூட் ராக்கெட்டை 300 மீட்டர் உயரத்துக்கு அனுப்புவது இதற்காகத்தான். அங்கிருந்து கணக்குப்படி 80 கிலோமீட்டர் வரை பார்வைக்கோடு கிடைக்கிறது. நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் இறங்காமல் பாராசூட் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் எரிவது 40 நொடிதான். அந்த 40 நொடியும் காவலில் இருப்பவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் போச்சு. எனவே ஒன்றை விட்டுவிட்டு, சிறிது நேரத்தில் இன்னொன்றையும் விடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலாவது கடைக்கண்ணில் பட்டுத் திரும்பியவருக்கு இரண்டாவது திசையைக் காட்டிவிடும்.

மின்னும் விளக்கின் கதை வேறு. கண் சுமார் 0.2 நொடி நேரத்துக்கு வரும் ஒளியைக் கூட்டித்தான் உணர்கிறது. 1911-ல் பிளோண்டெல், ரே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதன்படி 0.2 நொடி மின்னும் விளக்கு, அதே வலிமையில் விடாமல் எரியும் விளக்கில் பாதியளவே பிரகாசமாகத் தெரியும். இருந்தும் நிமிடத்துக்கு 50 முதல் 70 முறை மின்னும் விளக்குகளை விரும்புகிறார்கள். பேட்டரி தாங்கும், நிலையான வெளிச்சங்களுக்கு நடுவே துடிப்பு சட்டென்று கண்ணை இழுக்கும். கேமரா ஃபிளாஷ் போலப் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கில் ஒரு சிக்கல் உண்டு. அதன் மின்னல் நொடியில் மிகச் சிறிய பங்குதான். அலை எழுந்து தாழும்போது அடுத்த மின்னல் மறைந்துவிட்டால், நெருங்கி வரும் படகுக்குத் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். கிட்டே வந்த பிறகு விடாமல் எரியும் டார்ச்சே மேல்.

பார்ப்பவரின் கண்ணும் தயாராக இருக்க வேண்டும். இருட்டுக்கு விழித்திரை முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும், மொபைல் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அது கெட்டுவிடும். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்கள் பார்வையின் நட்ட நடுவில் கிடையாது. மங்கலான விளக்கை நேராகப் பார்த்தால் காணாமல் போய், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் தெரிவது அதனால்தான். இந்தச் செல்களுக்குப் பச்சைநீலம் நன்றாகத் தெரியும், சிவப்பு சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் இப்போது வரும் எல்.இ.டி. ஆபத்து விளக்குகள் பச்சைநீலமும் செம்மஞ்சளும் கலந்து மின்னுவது இதை வைத்துத்தான். ஆனால் அவை வானில் ஏறுவதில்லை, வளைவுக்கு அப்பால் இருக்கும் கப்பலுக்கு அவற்றால் பயனில்லை.

கண்ணே பார்க்க முடியாத வெளிச்சமும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 2022 ஜூலை முதல் கப்பல்களில் புதிதாகப் பொருத்தும் அவசர ரேடியோ பீக்கன்களில் (ஆபத்தில் ரேடியோ சிக்னல் அனுப்பும் கருவிகளில்) வெள்ளை விளக்கோடு அகச்சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். தேடி வரும் ஹெலிகாப்டரில் இருட்டில் பார்க்க உதவும் இரவுப் பார்வைக் கண்ணாடி போட்டிருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும்.