கை நடுங்கிய பிறகு வரும் முதல் சொல்

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. கண்ணாடிச் சதுரத்தின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. சிமெண்ட் கலந்த சாயக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றிவிட்டு அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் மஞ்சள் பச்சைக்குள் ஓடிவிடும். நான் போயிருந்த அன்று, வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன பெண்ணுக்கு அதுதான் நடந்தது. கெட்டுப்போன கல்லின் மேல் அவள் கண் போகவில்லை. மேஸ்திரி நிற்கும் பக்கம் போயிற்று. பக்கத்தில் இருந்த அக்கா, கையை நிறுத்தாமலே, "கலரு தண்ணியா இருக்குத்தா, கொஞ்சம் கெட்டியாக் கலக்கிக்க" என்றார். அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கலக்க உட்கார்ந்தாள்.

அந்தப் பார்வைக்கும் இந்தச் சொல்லுக்கும் நடுவே உடம்புக்குள் ஒரு பெரிய வேலை நடக்கிறது.

பதற்றம் வந்தால் முதலில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது வினாடிக் கணக்கு: நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அதன் பின்னாலேயே மூளையின் ஹைபோதாலமஸ் என்ற பகுதி அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லி, கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வெளியே வருகிறது. இது நிதானமான ஆசாமி. ரத்தத்தில் உச்சத்தைத் தொடவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். பத்து மணிக்கு வாங்கிய திட்டு பத்தரைக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். திட்டியவர் அதற்குள் டீ குடிக்கப் போயிருப்பார்.

எது இந்தக் கார்டிசாலை அதிகம் கிளப்புகிறது? சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 208 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004-இல் எழுதினார்கள். வேலை கடினமாக இருப்பது மட்டும் பெரிய காரணமாக இல்லை. அடுத்தவர் நம்மை எடை போடுகிறார், அதை மாற்ற நம் கையில் ஒன்றுமில்லை என்ற இரண்டும் சேர்ந்தபோதுதான் அளவு மிகவும் ஏறியது, இறங்கவும் அதிக நேரம் பிடித்தது.

இப்போது அந்த அக்காவின் சொல்லைத் திரும்பப் பாருங்கள். "பரவாயில்லை" என்று அவர் தேற்றவில்லை. பிழையைப் பெண்ணிடமிருந்து எடுத்துக் குழம்பின் மேல் வைத்தார். கூடவே அவள் கைக்கு ஒரு வேலையும் கொடுத்தார். ஆய்வு சொன்ன இரண்டு காரணங்களும் ஒரே வரியில் அடிபட்டுப் போயின. அடிபட்டாலும் எழுந்து நிற்பதை மீள்திறன் என்கிறோமே, அதில் பாதி இப்படிப் பக்கத்தில் இருப்பவர் வாயிலிருந்துதான் வருகிறது என்பேன்.

எப்போதாவது ஒருநாள் கார்டிசால் ஏறுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. தினமும் ஏறி, இறங்க இடம் கிடைக்காமல் போனால்தான் தேய்மானம். லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்பது தன் கையில் அதிகம் இல்லை என்றவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்திருந்தது.

மரியாதையில்லாத பேச்சு வேலையையே கெடுக்கும் என்பதற்கு இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனை 2015-இல் வெளியானது. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் 24 மருத்துவக் குழுக்களுக்கு ஒத்திகைச் சிகிச்சை. சில குழுக்களிடம் வெளியிலிருந்து வந்த 'நிபுணர்' இளக்காரமாகப் பேசினார். அந்தக் குழுக்களின் நோய் கண்டறிதலும் கைவேலையும் சறுக்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்ததுதான் காரணம். வாயடைத்துப் போனார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இது புதிதாகப் படவில்லை. முன்பு காரைக்குடியில் நான் இருந்த அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். அந்த வாரத் தவறுகளைப் பெயரோடு வாசிப்பார்கள். ஒரு பில் கணக்கில் விழுந்த பிழையை இரண்டு வாரம் ஒளித்து வைத்திருந்தேன். அதற்குள் அது மூன்று பில் ஆகிவிட்டது. அங்கேயே ஒருநாள் மன உறுதி வகுப்பும் நடந்தது. கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். வெள்ளிக்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் பார்த்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களின் கணக்கில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்லப் பயமில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

பட்டறையில் கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி இந்தப் பக்கம் வந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண், "அண்ணே, ஒண்ணுல கலர் ஓடிருச்சு. கெட்டியாக் கலக்கியிருக்கேன், பாருங்க" என்றாள். அவர் குந்தி உட்கார்ந்து கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு பிடி போடுத்தா."