பழைய சிஸ்டத்துக்கு இன்னும் செலவு செய்யலாமா?

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற என்னிடம் வாரத்துக்கு நாலு பேராவது கேட்பது இதுதான்: "ரிப்பேர் பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா?" பெட்டியைத் திறந்து பார்க்காமல் இதற்குப் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள், அது கடைக்காரரானாலும் சரி, வெளிநாட்டிலிருந்து போனில் சொல்லும் மகனானாலும் சரி.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீடு. "தம்பி, பட்டனை அமுக்கிட்டுப் போயி காப்பி குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு, தூக்கிப் போடச் சொல்றான் மகன்" என்றார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் நாலாம் தலைமுறை இன்டெல், 2013 வாக்கில் வந்த ரகம். எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை, ஹார்டு டிஸ்க்தான் தள்ளாடியது. அதற்குப் பதில் சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போட்டு, ராம் என்கிற தற்காலிக நினைவகத்தை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கியதும் அரை நிமிடத்தில் திரை வந்துவிட்டது. கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்றும் சொன்னார். அதற்குக் கம்ப்யூட்டர் என்ன செய்யும், அந்தக் காலத்து வயரிங்கில் எர்த்தே இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்றேன்.

புதுவயலில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் மதியமானால் சிஸ்டம் தானாக அணைந்துவிடும். புதிதுக்குக் கொட்டேஷனே வாங்கி வைத்திருந்தார்கள். திறந்தால் ஃபேனில் தவிடும் தூசியும் கம்பளியாய்ப் படிந்திருக்கிறது! ப்ளோயரால் ஊதி, பிராசசரின் சூட்டைக் கடத்தப் பூசியிருந்து காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. தேதி பின்னால் போய், இணையதளங்கள் திறக்க மறுத்தால் போர்டிலுள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும், நாணயம் மாதிரி இருக்குமே, அதுதான். பீப் பீப் என்று கத்தித் திரை வராவிட்டால் ராமைக் கழற்றி, அதன் முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவேன், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

போர்டு போய்விட்டால் கதை வேறு. அதிலுள்ள சின்ன உருளைகளான கெப்பாசிட்டர்கள் உப்பிக் கசிந்திருந்தால் நான் நிறுத்திக்கொள்ளத்தான் சொல்வேன். பழைய ரகத்துக்குப் புதுப் போர்டு கிடைப்பதே அபூர்வம், செகண்ட் ஹேண்ட் போர்டு எத்தனை நாள் ஓடும் என்று விற்கிறவருக்கே தெரியாது. ஒருவருக்கு முதலில் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், அப்புறம் ராம், அப்புறம் பழைய போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் புதிதின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டது, மூன்றாம் மாதம் அந்தப் போர்டும் போனது. தப்பு என்னுடையது, முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதாவது ஆச்சி வீட்டுப் பெட்டி நன்றாக ஓடினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது தேறாது. வீடியோ கால், படம் பார்ப்பது, கடிதம் அடிப்பது இவ்வளவுதான் என்பதால் அவருக்கு விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டேன், இரண்டு நாளில் பழகிவிட்டார். கடைக் கணக்கும் நெட் பேங்கிங்கும் ஒரே பெட்டியில் பார்க்கிறவருக்கு எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் நான் காசு செலவழிக்கச் சொல்வதில்லை.

எதைச் செய்தாலும் முதலில் ஹார்டு டிஸ்க்கிலிருப்பதை வேறு இடத்தில் நகல் எடுங்கள், டிக் டிக் சத்தம் கேட்டால் அன்றைக்கே. ஆச்சியின் பழைய டிஸ்க்கிலிருந்த கல்யாணப் படங்களையெல்லாம் எடுத்து ஒரு பென் டிரைவில் கொடுத்தேன். வாங்கியவர் நேரே உள்ளே போய் இரும்புப் பெட்டியில் நகையோடு வைத்துப் பூட்டிவிட்டு வந்துதான் எனக்குக் காசை எண்ணிக் கொடுத்தார்.