படத்தில் ஏறுகிற படி, கட்டடத்தில் ஏறவில்லை

இன்னொரு வீடு. மேல்தள கான்கிரீட் போட்டாகிவிட்டது. படிக்கட்டுக்குப் பலகை அடிக்கும்போதுதான் மேஸ்திரி சொல்கிறார், தலை இடிக்கும் என்று. வீட்டுக்காரர் போனிலிருக்கும் 3டி படத்தைக் காட்டி, "இதுல சரியாத்தானே சார் இருக்கு?" என்கிறார். இதே கேள்வியை எத்தனை பேரிடமிருந்துதான் கேட்பது? அதனால்தான் இந்தப் பதிவு.

வீடு வரையும் மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமையலறை எங்கே, ஜன்னல் எங்கே என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுக்க அது நல்ல துணை. ஆனால் படம் நன்றாக வந்துவிட்டால் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் காசைக் கரைக்கிறது. ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீடு வரையும் மென்பொருளில் படிக்கட்டு, மேசை நாற்காலியோடு பொருள் பட்டியலில்தான் இருக்கிறது. அதன் உயரத்தை நீங்கள் கூட்டினால் உருவம் நீளும், ஒவ்வொரு படியும் உயரும், படியின் எண்ணிக்கை மாறாது. பொறியாளர்கள் பயன்படுத்தும் ரெவிட் போன்ற மென்பொருள்கள் கணக்குப் பார்க்கும். உயரத்துக்குத் தேவையான படிகளின் எண்ணிக்கையும் வரைந்த படிகளின் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மூடிவிட்டு அச்செடுத்துக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. மென்பொருள் முரண்டு பிடித்தால், பத்தில் ஒன்பது முறை உங்கள் அளவில்தான் கோளாறு.

படிக்கட்டின் உயரம் என்பது தரையிலிருந்து அடுத்த தளத்தின் தரை வரை. அறையின் உயரம் அல்ல. சுவருக்கு 10 அடி கொடுத்துவிட்டு, மேலே 5 அங்குல கான்கிரீட் இருப்பதை மறந்தால், ஏற வேண்டியது 10 அடி 5 அங்குலம். 6 அங்குலத்தில் 20 படி போட்டவருக்குக் கடைசியில் 5 அங்குலம் குறையும். உடனே படிக்கட்டை இழுத்து நீட்டாதீர்கள், லேண்டிங்கை (நடுவில் திரும்பும் மேடையை) தூக்காதீர்கள். 21 படியாக்குங்கள், ஒவ்வொன்றும் 6 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அமையும். கூடுதல் படிக்குத் தரையில் 10 அங்குல நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற படிகளின் மிதி (கால் வைக்கும் பகுதி) அகலத்தைச் சுருக்கிச் சமாளிக்க வேண்டாம். வீடுகளில் படி உயரம் 190 மி.மீ.யைத் தாண்டக் கூடாது, மிதி 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

தலை இடிக்காமலிருக்க, படியிலிருந்து மேல்தளத்தின் அடிப்பக்கம் வரை 2.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 7 அடி 3 அங்குலம் வேண்டும். இதே கணக்கில் நேர்ப் படிக்கட்டு என்றால், ஆறாம் படியிலிருந்தே மேல்தளம் திறந்திருக்க வேண்டும். படத்தை வெளியிலிருந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தால் இது தெரியாது. படிக்கட்டின் நீளவாக்கில் வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை அறுத்துப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படம்) எடுங்கள்.

டைலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தரைக்கு டைலும் அடிக்கலவையுமாக 2 அங்குலம், படிக்கு கிரானைட் 1 அங்குலம் என்றால், முதல் படி 1 அங்குலம் குறையும், கடைசிப் படி 1 அங்குலம் கூடும். ஒரு படி மட்டும் மாறும் அந்த இடத்தில்தான் வயதானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஓட்டுக் கூரையிலும், அளவைப் பார்க்காமல் படத்தை இழுத்துப் பொருத்தும் இதே பிடிவாதம். எல் வடிவ வீட்டில் 24 அடி அகலப் பகுதியும் 12 அடி அகலப் பகுதியும் 30 டிகிரிச் சரிவில் இருந்தால், ஒன்றின் முகடு 7 அடி ஏறும், மற்றது மூன்றரை அடிதான். அது தவறே இல்லை. சின்ன முகடு பெரிய சரிவில் போய் முட்ட வேண்டும். இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர நினைத்தால், சின்னப் பகுதியின் சரிவு 49 டிகிரிக்குப் போய்விடும். வேறு வழியில் சமாளிக்கப் பார்த்துக் கூரைக்கும் சுவருக்கும் இடைவெளி விழுந்தால், அதைச் சின்னச் சுவர்த் துண்டு வைத்து அடைக்கிறார்கள். மழைத் தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

சுவருக்கு வருவோம். 9 அங்குலச் சுவர்களை, ஒரு சுவரின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த சுவரின் நடுக்கோடு வரை 10 அடி என்று வரைந்தால், உள்ளே கிடைப்பது 9 அடி 3 அங்குலம். பூச்சு முடிந்தால் அதற்கும் குறைவு. 4 அடி என்று வரைந்த பாத்ரூம் 3 அடி 3 அங்குலம் ஆகிவிடும். பிறகு அலமாரி செய்ய வந்த ஆசாரியைக் குறை சொல்லி என்ன பயன்?

இதைவிடப் பெரிய ஆபத்து, கீழே சுவரோ பீமோ இல்லாத இடத்தில் மாடிச் சுவரை வைப்பது. மென்பொருள் மறுக்காது, அதற்கு எடை தெரியாது. 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்தில், ஓரடி நீளத்துக்கு 400 கிலோவுக்கு மேல் இருக்கும். வெறும் தளத்தின்மேல் அதை ஏற்றச் சொல்லாதீர்கள்.

வரையத் தொடங்குமுன் சுவர்க் கனம், தளக் கனம், தரைப்பூச்சு, தளத்துக்குத் தளம் உயரம் ஆகிய நான்கையும் உங்கள் பொறியாளரிடம் கேட்டு மென்பொருளில் போடுங்கள். அதில் ஏற்கெனவே இருக்கும் அளவுகளை அப்படியே விடாதீர்கள். மாடிப் படத்தைக் கீழ்த்தளப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். கம்பி கட்டுவதற்கு முன்பே படத்தோடு வாருங்கள். கான்கிரீட் போட்ட பிறகு வந்தால், உடைக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.